கத்தரீனாளைக் கேட்ட புத்தகம்

எங்கள் லயத்தில் ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்ள முடியாது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரன் செங்கலை மிச்சம் பிடித்துக்கொண்டு போய்விட்டான். நாங்கள் அடுத்த வீட்டு இருமலைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறோம். சுவக்கீன் அண்ணன் வீட்டில் மத்தி பொரித்தால் என் கஞ்சிக்கு வாசம் வரும். நானும் என் பெண்டாட்டி ஜிஜியும் சண்டை போட்டால் அண்ணன் பெண்டாட்டி கத்தரீனாள் மைனி அங்கிருந்தே தீர்ப்புச் சொல்லுவாள். அதனால் நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. காது இருந்தது, கேட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில் ஒரே பேச்சுதான். மைனிக்கு ஆகஸ்ட் மாதத்தோடு சர்வீஸ் முடிகிறது. எஸ்டேட்டில் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. சர்வீஸ் முடிகிறவர் தன் பேரைப் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுக்கலாம். பிள்ளை, காலையில் ஆளெடுக்கிற மஸ்டரில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கினால் வீடு அவர்களுக்கே நிற்கும். யாரும் எடுக்காவிட்டால் சாமான்களைக் கட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான். அடுப்பு மேடை நாம் கட்டியது, கொய்யா மரம் நாம் வைத்தது என்றெல்லாம் சொன்னால் ஆபீஸில் சிரிப்பார்கள்.

சுவக்கீன் அண்ணன் அந்த வீட்டிலேயே பிறந்தவர். காலமெல்லாம் முதுகில் கேனைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கு மருந்தடித்து, கண் மங்கி, முன்னமே சர்வீஸ் முடிந்து உட்கார்ந்திருக்கிறார். மூத்தவன் ரிஜோ மலைக்குக் கீழே கஞ்சிக்கோட்டில் இரும்புக் கம்பெனியில் இருக்கிறான். "இங்க வெயில்ல மண்டை உருகுது, ஆனாலும் அட்டைக்கு ரத்தம் குடுக்க அங்க வரமாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டான். மிச்சம் இருப்பது ஜின்சி. பி.காம். முடித்தவள். மூணாற்றில் ஒரு செல்போன் கடையில் கொஞ்ச காலம் இருந்தாள், பிடிக்கவில்லை என்று வந்துவிட்டாள். பேங்குப் பரீட்சைக்குப் படித்தாள், அதுவும் பாதியில் நின்றது.

"ஏட்டி, கொழுந்து வெட்டுதது உனக்குக் கேவலமா?" என்று அண்ணன் கேட்பார்.

"கேவலம்னு நான் சொன்னேனாப்பா."

"பின்ன பேரு எடுக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

"அதையும் நான் சொல்லல்ல."

"பின்ன என்னதான் சொல்லுத?"

"ஒண்ணும் சொல்லல்ல."

"இந்த ஒண்ணும் சொல்லாததுதான் என் உசுர எடுக்கு" என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பேச்சு அத்தோடு நிற்கும். மறுநாள் அதே இடத்தில் ஆரம்பிக்கும்.

ஜின்சி பேசாமல் இருந்தாளே தவிர சும்மா இருக்கவில்லை. படித்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் ஒரே மாதிரிப் புத்தகம். உன்னை அறி, உன் வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் கண்டுபிடி, உனக்குள் தூங்குகிறவனை எழுப்பு. அதில் ஒன்றை எங்களுக்கெல்லாம் தெரியும். அட்டையில் ஒருத்தன் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நிற்பான். பெரிய கம்பெனி வேலையை உதறி, இருந்ததையெல்லாம் விற்று, மலையேறிப் போய் அங்கே தன்னைக் கண்டுபிடித்தவனாம். இத்தனை காலமாக மலையிலேயே கிடக்கிற எங்களில் ஒருத்தனாவது தன்னைக் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். ஜின்சி சிரிக்கவில்லை. படிக்கிற பிள்ளையிடம் பகடி செய்தால் அப்படித்தான்.

இனி நடந்தது எங்கள் லயத்தில் மட்டுமே நடக்கக்கூடிய கூத்து. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் புனிதர் சரித்திரத்தில் ஒரு பக்கம் வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். அண்ணனின் அப்பா காலத்துப் புத்தகம் அது. அந்த வருஷ ஈரத்தில் பூஞ்சை பிடித்து, தாளெல்லாம் ஒட்டிக்கொண்டு, கொழுக்கட்டை மாவு போல ஆகிவிட்டது. அன்றைக்கு ஜின்சி கையில் இருந்தது இந்த மலைக்காரன் புத்தகம்.

"கையில வச்சிருக்கதையே வாசி பிள்ள. நல்ல புஸ்தகந்தானே" என்றார் அண்ணன்.

நல்லதுதான் என்றாள் அவள். வாசித்தாள். ஒரு பணக்காரன், மாளிகையில் இருந்தும் உறக்கமில்லாதவன், ஒரு நாள் எல்லாவற்றையும் துறந்து மலைக்குப் போகிறான். அங்கே மௌனத்தில் அவனுக்குள் ஒரு குரல் கேட்கிறது. இதைக் கேட்டால் யாருக்குத்தான் புனிதர் என்று தோன்றாது. அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டு ஆமென் சொன்னார். அந்தக் குரலைக் காவல் சம்மனசு, அதாவது காவல் தேவதூதர், என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். ஜின்சி திருத்தவில்லை. மறுநாள் "சொகுசுக் காரை விற்றான்" என்று வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, "வண்டியை விற்றான்" என்று வாசித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் ஜிஜி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

நாளாக ஆக நாலு வீட்டுக்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பழைய புனிதர்கள் சிங்கத்துக்கு இரையாவார்கள், எண்ணெயில் பொரிபடுவார்கள். இந்தப் புனிதர் கேள்வி கேட்டார். எங்களுக்கு அது புதுசு.

மைனி ஒரு மூலையில் காலுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தபடி கேட்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் பிடித்துக்கொண்டது அவளைத்தான். ஜிஜியும் அவளும் ஒரே கூட்டத்தில் வேலை. மழை அடித்து ஊற்றுகிறது, தலையில் பிளாஸ்டிக் சாக்கு, இடுப்பில் படங்கு என்கிற கனத்த தார்பாய்த் துணி, காலில் அட்டைக்காக அப்பிய புகையிலையும் சோப்பும். கொழுந்து வெட்டுகிற கத்தரியோடு பொருத்திய பெட்டி நிறைந்தால் முதுகுச் சாக்கில் கொட்ட வேண்டும், அடுத்த வரிசைக்கு ஏற வேண்டும். அந்த வேலையில் பேச்சுத்தான் பெண்களுக்குத் துணை. மைனி வாய் ஓயாதவள். அப்படிப்பட்டவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஜிஜி வந்து சொன்னாள்.

"ஜெபமாலை சொல்லுதீயளோன்னு கேட்டேன். 'இல்லட்டி, அந்தப் புனிதர் சொன்னத செய்யுதேன்'னாவ."

"என்ன செய்யச் சொன்னாராம்?"

"வேலைக்கு நடுவுல நின்னு, எனக்கு என்ன வேணும்னு என்னையே கேக்கணுமாம். பதில் வார வரைக்கும் கேக்கணுமாம்."

"பதில் வந்துச்சாமா?"

"கேட்டேன். 'வருதாப்பல இருக்கு, பேசாத'ன்னுட்டாவ."

ஆகஸ்ட் பாதியில் உபதேசியார் இன்னாசிராஜ் வீடு சந்திக்க வந்தார். கோயிலில் ஞானோபதேசம் நடத்துகிறவர், கண்டிப்பானவர், மரவள்ளிக் கப்பையும் மத்திக் குழம்பும் என்றால் கொஞ்சம் இளகுவார். மைனி அதையே வைத்திருந்தாள். ஜெபமாலை முடிந்தது. சுவக்கீன் அண்ணன் பெருமையாக, "எங்க பிள்ள வாசிக்கதக் கேளும் உபதேசியாரே" என்றார். ஜின்சி வேண்டாமப்பா என்றாள். அவர் விடவில்லை. அவளும் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் உன்னை எங்கும் இழுத்துப்போக யாரையும் அனுமதிக்காதே. கடிகாரத்தை அணைத்துவிடு. போர்வைக்குள் கிட. அந்த நாள் உன்னுடையது."

உபதேசியார் கப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார்.

"இது எந்தப் புனிதர்?"

ஜின்சி புத்தகத்தை மூடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஞாயித்துக்கிழம பூசைக்குப் போவாண்டாம்னு சொல்லுத புனிதர் யாரு? அத இங்க கொண்டா பிள்ள."

வாங்கிப் பார்த்தார். பின்னட்டையில் கோட்டுப் போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மனிதரின் படம் இருந்தது. அதைச் சுவக்கீன் அண்ணனின் மங்கிய கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். "இவருக்கா வேய் இத்தன நாளும் ஆமென் சொன்னீரு?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அவர் போனதும் நாங்களும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டோம், அண்ணன் புத்தகத்தைத் தூக்கினார். எனக்கு இந்தப் பக்கமிருந்து குரல் மட்டும்தான் கேட்டது. வெந்நீர் அடுப்பு மூடியை இழுக்கிற சத்தம் வந்ததும் நானும் ஜிஜியும் எழுந்து ஓடினோம். அதற்குள் மைனி புத்தகத்தைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தரீனா, குடுத்துரு. ஜெபம் பண்ணுத இடத்துல எவனோ கோட்டுக்காரனக் கொண்டாந்து வச்சிருக்கா உன் மக."

"கோட்டுக்காரனோ கோமணக்காரனோ. எனக்கு அம்பத்தெட்டு வயசாவுது. எங்கம்மா கேக்கல்ல, நீங்க கேக்கல்ல, நான் பெத்ததுக கேக்கல்ல, சாமியார்கூட பாவம் என்னன்னுதான் கேட்டாரு. உனக்கு என்ன வேணும்னு என்னைய கேட்டது இது ஒண்ணுதான். இத எரிக்க விடமாட்டேன்."

அண்ணன் அடுப்பு மூடியைத் திரும்ப வைத்தார். பிறகு ஒரு வீம்பில், "சரி. கேட்டுச்சுல்லா. என்ன வேணுமாம் உனக்கு?" என்றார்.

"கொழுந்து" என்றாள் மைனி.

எங்களுக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். "தினமும் கேட்டுப் பாத்தேன். வீடு வேணுமா, நகை வேணுமா, வேளாங்கண்ணிக்குப் போவணுமான்னு ஒவ்வொண்ணா கேட்டேன். ஒண்ணுலயும் மனசு நிக்கல்ல. மழ விட்டதும் மஞ்சு ஏறிப்போவுமே, புதுக் கொழுந்து பளபளன்னு தலைய நீட்டிக்கிட்டு நிக்குமே, அங்கதான் போயி நிக்கி. எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு. இத்தன வருசமும் தலையெழுத்துன்னு நெனச்சு செஞ்சிருக்கேன், பிடிச்சுத்தான் செஞ்சேன்னு இப்பந்தான் தெரியுது. இந்த மாசத்தோட முடியப்போவுது." சொல்லிவிட்டுப் புத்தகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். எனக்கும் தாங்கவில்லை.

அப்போதுதான் ஜின்சி வாயைத் திறந்தாள். "எனக்கு ஒண்ணுமே வரல்லம்மா. எத்தன புஸ்தகம் படிச்சேன். எல்லாருக்கும் ஒண்ணு இருக்கு, தோண்டினா கெடைக்கும்னு எல்லாத்துலயும் எழுதியிருக்கு. நானும் தோண்டிக்கிட்டே இருக்கேன். எனக்குள்ள ஒண்ணும் இல்ல போல. அதத்தான் அப்பா கேக்கும்போதெல்லாம் சொல்ல முடியாம இருந்தேன். நானே பேரு எடுத்துக்கிடுதேன். வீடாவது நிக்கட்டும்."

"கேட்டியா, பிள்ளைக்கே புத்தி வந்துட்டு" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் வரல்லங்கதுக்காக எடுத்துக்கிடுத வேல இல்ல இது" என்றாள் மைனி. குரலை உயர்த்தவில்லை. "பிடிச்சா எடு. கூடவே நின்னு சொல்லித் தாரேன். போக்கத்துப் போயி எடுக்கேன்னா வேண்டாம்."

"உனக்கு மட்டும் மொதல்லயே பிடிச்சுதாக்கும்? செய்யச் செய்ய வந்துச்சுல்லா. இவளுக்கும் வரும்."

"வரலாம். வராமலும் போவலாம். உங்களுக்கு வந்துச்சா?"

"மருந்தடிக்க எவனுக்குப் பிடிக்கும்" என்றார் அண்ணன், தனக்குத்தானே சொல்லுகிற மாதிரி. துண்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிக் கோயில் பக்கமாக நடந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அவர்களுடைய சண்டையே தேவலை என்று இருந்தது. ஒரு நாள் அண்ணன், நான் வேலை பார்க்கிற தேயிலை பாக்டரிக்கு வெளியே எனக்காகக் காத்து நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். தேயிலை ஏற்றிய லாரி ஒன்று வளைவில் முனகிக்கொண்டு இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு லாரி ஓட்டணும்னு இருந்துச்சுடே. லைசன்ஸுக்கு ஆள்கூடப் பாத்து வச்சிருந்தேன். எங்கப்பா மஸ்டருக்குக் கூட்டிட்டுப் போயி பேரு குடுத்துட்டாரு. வீடு போயிருமேன்னு அவருக்குப் பயம்."

"அவரு கிட்டச் சொல்லிப் பாத்தீயளா?"

"யாரு கேட்டா, சொல்லுததுக்கு?" என்றார். அப்புறம் வழியெல்லாம் மழையைப் பற்றித்தான் பேசினார்.

மைனியின் கடைசி நாள் வந்தது. எங்கள் டிவிஷனில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் காலை மஸ்டரில், சர்வீஸ் முடிகிறவள் தன் படங்கை அவிழ்த்துப் பேர் எடுக்கிற பிள்ளையின் இடுப்பில் கட்டிவிட வேண்டும். கூட்டத்துப் பெண்கள் குலவை போடுவார்கள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவார்கள். படங்கு கட்டிய பிறகு பேச்சு மாறக் கூடாது. பாக்டரியில் எனக்குப் பகல் ஷிப்ட் இல்லை, நானும் போயிருந்தேன். மஞ்சில் எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. ஜின்சி அம்மாவின் பழைய ஸ்வெட்டரும் கம்பூட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகத்தில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

சூப்பர்வைசர் சிஜு மலையாளத்துக்காரன், நல்ல பையன். "சேச்சி, நேரமாயி. மோளுடெ பேரு எழுதட்டா?" என்று மகள் பேரைப் பதியக் கேட்டான்.

மைனி படங்கை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். கட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. கட்டினால் பிள்ளை போகும், கட்டாவிட்டால் புருஷன் பிறந்த வீடு போகும். கூட்டத்துப் பெண்கள் குலவைக்கு வாயைக் குவித்தபடி நின்றார்கள். ஜின்சியே ஒரு எட்டு முன்னால் வந்து, கட்டுவதற்கு வசதியாகக் கையிரண்டையும் தூக்கிக்கொண்டாள்.

"எழுதாண்டாம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சுவக்கீன் அண்ணன். பூசைக்குப் போகிற வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகளின் தூக்கிய கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"அப்பா, வீடு போயிரும்ப்பா" என்றாள் ஜின்சி.

"போவட்டும். அது எஸ்டேட்டுக்காரன் வீடு. நீ என் பிள்ள." அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்கப்பா என் முதுகுல கேனக் கட்டினப்பம் நானும் இப்பிடித்தான் கையத் தூக்கிக்கிட்டு நின்னேன். உனக்கு என்ன வேணும்?"

"தெரியலப்பா."

"தெரியாண்டாம். தெரியும்போது சொல்லு. அதுவரைக்கும் அண்ணங்கிட்டப் போயி இரு, நாலு எடம் பாரு. நாங்களும் பின்னால வாரோம்."

ஜின்சி அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதாள். வாயைக் குவித்த பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிஜு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தான். மைனி யாரையும் பார்க்காமல் படங்கைத் திரும்பத் தன் இடுப்பிலேயே சுற்றி இறுக்கிக் கட்டினாள். "சாயங்காலம் வரைக்கும் எனக்கு வேல இருக்குல்லா" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு மஞ்சுக்குள் ஏறினாள். ஜிஜியும் மற்றவர்களும் பின்னால் ஓடினார்கள். அன்றைக்கு மைனி மத்தியானக் கஞ்சிக்குக்கூட இறங்கவில்லை என்று ஜிஜி பிறகு சொன்னாள்.

சாயங்காலம் நனைந்து ஊறி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். கழுத்தில் பெண்கள் போட்ட செவ்வந்தி மாலை இருந்தது. ஜின்சி ரிஜோவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒழிக்க வேண்டிய வீடு, இறக்க வேண்டிய சாமான், கஞ்சிக்கோட்டு வெயிலில் இவர்கள் எப்படி இருக்கப்போகிறார்களோ என்ற கவலை எல்லாம் இனிமேல்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

"கத்தரீனா, உனக்கு என்ன வேணும்?" என்று அண்ணன் கேட்டார். வீம்பில்லாமல் கேட்டார்.

படங்கை அவிழ்த்துப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு மைனி, "இப்பமா? கட்டன் சாயா ஒண்ணு வேணும். நீங்க போட்டுத் தாங்க" என்றாள்.

அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போனார். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், தீக்குச்சி உரசுகிற சத்தம், பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம்.

"சீனி எங்கட்டி இருக்கு?"

என் கை பழக்கத்தில் எங்கள் வீட்டுச் சீனி டப்பாவை எடுத்துச் சுவருக்கு மேலாக நீட்டப் போயிற்று. ஜிஜி சட்டென்று பிடித்து நிறுத்தினாள். அந்தப் பக்கம் மைனியின் கொலுசுச் சத்தம் கேட்டது, எழுந்திருக்கிறாள். அப்புறம் அதுவும் நின்றது. திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

"தேடுங்க" என்றாள்.